சினைப்பை ஓய்ந்தபின் மூளைக்குள் நடப்பது

1990-ஆம் ஆண்டில் வெளியான இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு முதலில் குழப்பமே மிஞ்சும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கின்றன: சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் மூளையின் நரம்பு செல்களுக்கு என்ன ஆகிறது? கிடைத்த விடைகளோ எதிரெதிரானவை.

முதல் கட்டுரை நவோமி ரான்ஸ் என்ற நரம்பு நோய்க்கூறியல் அறிஞரின் குழு எழுதியது. இறந்த பெண்களின் மூளையிலிருந்து ஹைப்போதலாமஸ் பகுதியை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மாதவிடாய் நிற்பதற்கு முன்பே இறந்தவர்கள் ஒரு பக்கம். நின்ற பிறகு இறந்தவர்கள் மறுபக்கம். வயது ஏற ஏற மூளை சுருங்கும் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு தொகுதியில், மூத்த பெண்களின் நரம்பு செல்கள் இளம் பெண்களுடையதைவிடப் பருத்திருந்தன. ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பியை உருவாக்கும் மரபணு அந்தச் செல்களில் இயங்கிக்கொண்டும் இருந்தது.

இரண்டாவது கட்டுரை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், புரூஸ் மக்கியூவனின் ஆய்வகத்திலிருந்து வந்தது. எலிசபெத் கூல்டும் கேத்தரின் வுல்லியும் சினைப்பை அகற்றப்பட்ட பெண் எலிகளின் ஹிப்போகாம்பஸை ஆராய்ந்தார்கள். புதிய நினைவுகள் உருவாக இன்றியமையாத பகுதி அது. அங்கே நரம்பு செல்களின் கிளைகள் மீது முட்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய புடைப்புகள் ஆறே நாளில் கணிசமாகக் குறைந்துவிட்டன. எலிக்கு எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனை ஊசியில் போட்டபோது அந்த இழப்பு நேரவில்லை.

விலகியது ஒரே ஹார்மோன். ஓரிடத்தில் செல் பருக்கிறது. இன்னோரிடத்தில் செல்லின் முட்கள் உதிர்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. காரணம், இது ஆய்வகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், "குப்புன்னு உடம்பெல்லாம் சூடு ஏறுது, தெரிஞ்சவங்க பேரே வாயில வரமாட்டேங்குது, ராத்திரி தூக்கமே இல்ல" என்று சொன்னால் நம் வீடுகளில் அவருக்கு இரண்டே பதில்கள் காத்திருக்கின்றன. "வயசானா அப்படித்தான்" என்பது ஒன்று. "எல்லாம் உன் மனசுதான்" என்பது மற்றொன்று. இரண்டுமே பிழை. அவர் சொல்வது செல் அளவில் காணக்கூடிய, அளக்கக்கூடிய உண்மை. அதே நேரம், அது மூளை அழிவதன் அறிகுறியும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு ஹார்மோனோடு சேர்ந்து இயங்கிய உறுப்பு, அது இல்லாமல் இயங்கக் கற்றுக்கொள்ளும் காலம் அது.

ஹார்மோன் மூளைக்குள் நுழையும் வழி

பெண் குழந்தை பிறக்கும்போது அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் வரை சினைமுட்டைப் பைகள் இருக்கும். பூப்பெய்தும் வயதில் மூன்று, நான்கு லட்சம் மிஞ்சும். மாதவிடாய் நிற்கும் வேளையில் சுமார் ஆயிரம்தான். ஒவ்வொரு மாதமும் எஸ்ட்ரடையாலைச் சுரப்பவை இந்தப் பைகளே. எஸ்ட்ரடையால் என்பது ஈஸ்ட்ரோஜன் குடும்பத்திலேயே வீரியம் மிக்கது. பைகள் தீரத் தீர அதன் சுரப்பு குறைகிறது. அது சீராகவும் குறைவதில்லை. கடைசி மாதவிடாய்க்கு முந்தைய சில ஆண்டுகளில் ஒரு மாதம் அளவுக்கு மீறி உயரும், அடுத்த மாதம் அதலபாதாளத்துக்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கக் காலம் சராசரியாக நான்கு ஆண்டுகள் நீடிக்கிறது. பெண்கள் அதிகம் தவிப்பது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். முழுதாக நின்ற பிறகு அளவு தாழ்ந்த நிலையிலேயே நிலைபெற்றுவிடுகிறது.

எஸ்ட்ரடையால் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் மூலக்கூறு. கொழுப்பில் கரையக்கூடியது. ஆகவே ரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்ட பொருளும் நுழையாதபடி காக்கும் தடுப்பை அது எளிதில் கடந்துவிடும். செல்லின் சவ்வையும் ஊடுருவிவிடும். ஆனால் உள்ளே போய் அது யாரோடு பேசுகிறது?

இதற்கு விடை கண்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன். 1950-களின் இறுதியில் அவர் எஸ்ட்ரடையாலில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, உடலில் அது எங்கே போய்த் தங்குகிறது என்று தடம் பிடித்தார். சில திசுக்கள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. பிடித்துவைக்கும் அந்தப் புரதம்தான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பி செல்லின் உட்கருவில் டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்துகொள்ளும்; சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். 1960-களில் டொனால்ட் பாஃப் இதே கதிரியக்க உத்தியை எலி மூளையில் கையாண்டு, எந்தெந்த நரம்பு செல்கள் எஸ்ட்ரடையாலைப் பிடித்துவைக்கின்றன என்று வரைபடமே தயாரித்தார். 1996-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓகே குஸ்தாஃப்சனின் குழு இரண்டாவது வகை ஏற்பியைக் கண்டறிந்தது. அதன் பின் பழையது ஆல்ஃபா என்றும் புதியது பீட்டா என்றும் பெயர் பெற்றன.

இனப்பெருக்கத்துக்கான ஹார்மோன் என்று மட்டும் ஈஸ்ட்ரோஜனை எண்ணியிருந்தவர்களை இந்த வரைபடங்கள் திருத்தின. உடல் வெப்பத்தையும் பசியையும் ஆளும் ஹைப்போதலாமஸ், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ், அச்சத்தை எடைபோடும் அமிக்டலா, திட்டமிடலுக்கான முன்நெற்றிப் புறணி என்று மூளையின் பல பகுதிகளில் இந்த ஏற்பிகள் இருக்கின்றன. ஆணின் மூளையிலும் இருக்கின்றன. அங்கே அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனிலிருந்து எஸ்ட்ரடையாலைத் தயாரிக்கிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் பல பத்தாண்டுகளாக மெல்லக் குறைகிறது. பெண்ணுக்குச் சினைப்பையின் வரத்து சில ஆண்டுகளிலேயே வற்றிவிடுகிறது. வித்தியாசம் அந்த வேகத்தில் இருக்கிறது.

முட்கள் முளைப்பதும் உதிர்வதும்

ஒரு நரம்பு செல் இன்னொன்றிடமிருந்து செய்தி பெறும் இடம் பெரும்பாலும் அந்த முட்களின் நுனிதான். முள் கூடினால் இணைப்பு கூடுகிறது. உதிர்ந்தால் இணைப்பு குறைகிறது. செல் சாவதில்லை, அதன் தொடர்புகளே மாறுகின்றன.

வுல்லி அதே 1990-இல் வெளியிட்ட இன்னொரு முடிவு அன்றைய நரம்பியலின் அடிப்படை நம்பிக்கை ஒன்றை அசைத்தது. வளர்ந்த விலங்கின் மூளையில் இணைப்புகள் ஏறக்குறைய நிலையானவை என்று அப்போது கருதினார்கள். பெண் எலியின் சினைச் சுழற்சி நான்கைந்து நாள்தான். எந்த அறுவையும் ஊசியும் இல்லாத, இயல்பான எலியின் ஹிப்போகாம்பஸில் அந்தச் சில நாட்களுக்குள்ளேயே முட்களின் அடர்த்தி சுமார் 30 சதவீதம் ஏறி இறங்கியது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கையில் முட்கள் மிகுதி; சுழற்சி அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து ஒரு நாளுக்குள் அவை குறைந்துவிடும். சினைப்பையின் தாளத்துக்கு ஏற்ப மூளையின் இணைப்புகளே கூடிக் குறைகின்றன என்பதை அன்று பலரால் நம்ப முடியவில்லை. இன்று அது பாடநூல் செய்தி.

எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆகவே ஜான் மாரிசன், பீட்டர் ராப் ஆகியோர் ரீசஸ் குரங்குகளிடம் சென்றார்கள். ரீசஸ் குரங்குக்கும் மாதச் சுழற்சி உண்டு. முதுமையில் அது நின்றும் போகும். சினைப்பை அகற்றிய வயதான குரங்குகளுக்குச் சுழற்சி முறையில் எஸ்ட்ரடையால் கொடுத்தபோது, முன்நெற்றிப் புறணியில் மெல்லிய முட்கள் பெருகின. சற்று முன் பார்த்ததை மனதில் இருத்திவைத்துச் செயல்படும் சோதனைகளில் அந்தக் குரங்குகள் தேறின. மெல்லிய முட்கள் புதிதாகக் கற்பதற்கு வளைந்துகொடுப்பவை. தடித்தவை பழைய நினைவுகளை ஏந்தி நிலைத்திருப்பவை. முதுமையும் ஈஸ்ட்ரோஜன் இழப்பும் சேரும்போது முதலில் பாதிப்படைவது மெல்லியவையே. பல ஆண்டு பழகிய சமையல், கணக்கு, பாட்டு எல்லாம் நினைவிருக்க, நேற்று அறிமுகமான ஒருவரின் பெயர் மட்டும் நழுவுவது ஏன் என்பதற்கு இங்கே ஒரு சாத்தியமான விளக்கம் கிடைக்கிறது.

அதே குரங்குகளின் மூளையில் இன்னும் நுணுகிப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. 2014-இல் வெளியான அந்த ஆய்வு, செய்தி அனுப்பும் நரம்பு முனைகளுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களின் வடிவத்தை எண்ணிக் கணக்கெடுத்தது. செல்லுக்கு ஆற்றல் தருபவை அவை. வழக்கமாக நீள்வடிவிலோ உருண்டையாகவோ இருக்கும். நெருக்கடிக்கு உள்ளானால் சில, மெதுவடை போல நடுவில் துளை விட்டு வளைந்துவிடும். நினைவுச் சோதனையில் பின்தங்கிய குரங்குகளிடம் இந்தத் துளை வடிவங்கள் கூடுதலாக இருந்தன. எஸ்ட்ரடையால் பெற்ற குரங்குகளிடம் அவை குறைந்திருந்தன.

ஆற்றல் தட்டுப்பாடு

துளை விட்ட அந்த மைட்டோகாண்ட்ரியா நம்மை அடுத்த கேள்விக்கு இட்டுச் செல்கிறது. மூளையின் எடை உடலெடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதற்கான முதன்மை எரிபொருள் குளுக்கோஸ். அந்தக் குளுக்கோஸ் மூளைக்குள் வர உதவும் கடத்திப் புரதங்கள், உள்ளே வந்ததை உடைக்கும் நொதிகள், இறுதியில் ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியா என்று வரிசையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஈஸ்ட்ரோஜன் கைகொடுக்கிறது என்பதை ராபர்ட்டா டயஸ் பிரிண்டன் பல ஆண்டு உழைப்பில் நிறுவினார்.

அவரது குழுவின் எலி ஆய்வுகளில், சினைப்பை ஓயும் கட்டத்தில் மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் திறன் குறைகிறது. பசித்த மூளை மாற்று எரிபொருளைத் தேடுகிறது: கொழுப்பிலிருந்து கிடைக்கும் கீட்டோன்கள். 2015-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு கவலை தருவது. வயதான பெண் சுண்டெலிகளில் மூளை தன் சொந்தக் கொழுப்பையே, அதாவது நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையின் கொழுப்பையே, எரிபொருளுக்காக உடைக்கத் தொடங்கியதற்கான தடயங்கள் கிடைத்தன. செய்திகள் விரைந்து செல்ல உதவுவது அந்த உறை. எரிபொருள் மாற்றம் பிழைப்பதற்கான வழி. அதுவே வெகுகாலம் நீடித்தால் விலை கொடுக்க நேரலாம். மனிதரில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதே இன்று ஆய்வகங்கள் துருவிக்கொண்டிருக்கும் கேள்வி.

உயிரோடிருக்கும் பெண்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தவர் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் லிசா மொஸ்கோனி. 2024-இல் அவரது குழு 40 முதல் 65 வயது வரையுள்ள 54 பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுத்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் ஏற்பிகள் குறைந்திருக்கும் என்று பலர் நினைத்திருக்கக்கூடும். படத்தில் தெரிந்ததோ அவற்றின் அடர்த்தி கூடியிருப்பது. அறுபதுகளின் நடுப்பகுதியில் இருந்தவர்களிடமும் அந்தக் கூடுதல் குறையவில்லை. வரத்து குறைந்த ஹார்மோனின் ஒவ்வொரு துளியையும் பிடித்துக்கொள்ள செல்கள் முயல்கின்றன என்பது இதற்கு அவர்கள் தரும் விளக்கம். சிறிய ஆய்வுதான், பெரிய எண்ணிக்கையில் மீண்டும் செய்து பார்க்க வேண்டும். ஆயினும் அது சொல்லும் திசை முக்கியமானது. ஈஸ்ட்ரோஜன் போனதும் மூளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை.

சூடு எங்கிருந்து ஏறுகிறது

இனி, பருத்துப்போன செல்களுக்கு வருவோம். ரான்ஸ் பின்னர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் தொடர்ந்த ஆய்வுகளால் அவற்றின் அடையாளம் தெளிவாயிற்று. கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்ற மூன்று செய்தி வேதிப்பொருள்களை ஒருசேர உற்பத்தி செய்யும் செல்கள் அவை. இனப்பெருக்க ஹார்மோன்களின் முழுச் சங்கிலியையும் முடுக்கிவிடுபவை. சினைப்பை போதுமான ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும்போது, அந்த ஈஸ்ட்ரோஜனே திரும்பி வந்து இந்தச் செல்களை அடக்கி வைக்கிறது. சினைப்பை ஓய்ந்ததும் அடக்கும் கை விலகிவிடுகிறது. செல்கள் முழு வேகத்தில் இயங்குகின்றன. இயங்கி இயங்கிப் பருக்கின்றன. ஹிப்போகாம்பஸின் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊக்கம். இந்தச் செல்களுக்கோ அது கடிவாளம். 1990-இன் எதிரெதிர் விடைகளுக்கு விளக்கம் இதுதான்.

இந்தச் செல்களின் இழைகள், உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அண்டைப் பகுதிக்கும் நீள்கின்றன. கட்டுமீறிய நியூரோகைனின் பி அங்கே போய்ச் சேரும்போது, உண்மையில் உடல் சூடாகாதபோதும் "சூடு மிகுந்துவிட்டது" என்ற முடிவுக்கு மூளை வருகிறது. உடனே தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகமும் கழுத்தும் சிவந்து கொதிக்கின்றன, வியர்வை கொட்டுகிறது, சில நிமிடங்களில் குளிர் நடுக்குகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் வல்ஜித் தில்லோ குழு, மாதவிடாய் இன்னும் நிற்காத ஆரோக்கியமான பெண்களுக்கு நியூரோகைனின் பியைச் செலுத்தியபோது அவர்களில் பெரும்பாலோருக்கு அதே வெப்பத் தாக்குதல் வந்தது. ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இருக்கும்போதே, அந்த ஒற்றை வேதிப்பொருள் அதை உண்டாக்கிவிட்டது. "எல்லாம் மனசுதான்" என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

காரணம் தெரிந்ததும் மருந்தும் வந்தது. நியூரோகைனின் பியின் ஏற்பியை அடைத்துவிட்டால் போதும், ஹார்மோனே தர வேண்டியதில்லை. அந்த வழியில் அமைந்த ஃபெசோலினட்டன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 மே மாதம் ஒப்புதல் அளித்தது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு ஏற்படலாம் என்பதால் 2024 டிசம்பரில் அதன் மீது கடுமையான எச்சரிக்கையையும் சேர்த்தது. இறந்த பெண்களின் மூளைச் சீவல்களில் தொடங்கிய தேடல், மருந்துக் கடை வரை வந்துசேர 33 ஆண்டுகள் பிடித்தன. பெண்களின் இந்தத் துன்பத்துக்கு ஆய்வுலகம் தந்த முன்னுரிமை எவ்வளவு என்பதற்கும் அந்த நீண்ட காலம் ஒரு சாட்சி என்றே நான் கருதுகிறேன்.

நினைவு திரும்புகிறதா

செல்லில் காண்பது வாழ்க்கையில் எப்படித் தெரிகிறது? 1996 முதல் அமெரிக்காவின் பல நகரங்களில், பல இனங்களைச் சேர்ந்த 3,302 பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. அவர்களில் 2,362 பேரின் நான்காண்டு நினைவுச் சோதனை முடிவுகளை 2009-இல் கேல் கிரீன்டேல் குழு வெளியிட்டது.

ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதினால் பழக்கத்தால் மதிப்பெண் சற்று உயர வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வந்த பெண்களிடம் அப்படித்தான் உயர்ந்தது. ஏற்ற இறக்கக் காலத்தில் இருந்தவர்களிடம் அந்த உயர்வு காணாமல் போனது. அவர்கள் தெரிந்ததை மறக்கவில்லை. புதியதைப் பற்றிக்கொள்ளும் வேகம் தணிந்திருந்தது. முழுதாக நின்ற பிறகோ, கற்கும் திறன் பழையபடி திரும்பியது. நம் பெண்கள் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர வேண்டிய செய்தி இது. அந்தச் சில ஆண்டுகளின் மந்தம் உண்மையானது. பெரும்பாலோருக்கு அது கடந்தும் போகிறது.

மந்தத்துக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டுமே பொறுப்பு என்றும் சொல்லிவிட முடியாது. இரவில் நான்கைந்து முறை வியர்த்து எழும் பெண்ணுக்கு ஆழ்ந்த தூக்கம் இல்லை. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவதோ அந்தத் தூக்கத்தில்தான். மூளையின் செரட்டோனின் உற்பத்தியிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு என்பதால் மனச்சோர்வுக்கான வாய்ப்பும் அப்போது கூடுகிறது. மாமியாரின் முதுமை, பிள்ளைகளின் தேர்வு, அலுவலகச் சுமை எல்லாம் வந்து குவியும் வயதும் அதுவே.

மாத்திரை கொடுத்தால் போதுமா

ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் காரணமென்றால் அதையே கொடுத்துவிடலாமே என்று எவருக்கும் தோன்றும். 1942 முதலே அமெரிக்காவில் கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்பனையில் இருந்தது. நூற்றாண்டின் இறுதியில் லட்சக்கணக்கான பெண்கள் அதை உட்கொண்டார்கள். அது மூளையைக் காக்கும் என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதித்த பெரிய ஆய்வு அதைத் தகர்த்தது. பெண்கள் நல முன்முயற்சி என்ற அமெரிக்க அரசின் ஆய்வில் 16,608 பெண்கள் பங்கேற்ற பகுதி, மார்பகப் புற்றுநோய் கூடியதால் 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. அதன் கிளை ஆய்வு ஒன்றில் 65 வயதுக்கு மேற்பட்ட 4,532 பெண்களின் நினைவாற்றலைக் கவனித்தார்கள். 2003-இல் முடிவு வந்தது: ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை உட்கொண்டவர்களில் 40 பேருக்கு மறதிநோய், மருந்தில்லாத போலி மாத்திரை உட்கொண்டவர்களில் 21 பேருக்கு. ஏறக்குறைய இருமடங்கு. உலகெங்கும் பெண்கள் மாத்திரைகளைக் கைவிட்டார்கள்.

எலியிலும் குரங்கிலும் செல்லைக் காத்த அதே ஹார்மோன் இங்கே ஏன் தீங்கு செய்தது? பிரிண்டனும் வேறு பலரும் முன்வைத்த விடை காலத்தைப் பற்றியது. நலமான செல்லுக்கு ஈஸ்ட்ரோஜன் துணை செய்யும். பல ஆண்டுகள் அது இல்லாமல் வாழ்ந்து, வேறு எரிபொருளுக்குப் பழகி, நோயின் விதையும் விழுந்துவிட்ட செல்லுக்குத் திடீரென்று அதைக் கொடுத்தால் துணையாகாது, சுமையாகவும் ஆகலாம். அந்தக் கிளை ஆய்வில் இருந்த பெண்கள் அனைவரும் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கடந்தவர்கள்.

அப்படியானால் நின்றவுடனே தொடங்கினால் நினைவு கூடுமா? மாதவிடாய் நின்று மூன்றாண்டுக்குள் இருந்த பெண்களுக்கு நான்காண்டுகள் ஹார்மோன் கொடுத்துப் பார்த்த கீப்ஸ் ஆய்வில் நினைவாற்றல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முன்கூட்டியும் தாமதமாகவும் தொடங்கியவர்களை ஒப்பிட்ட எலைட் ஆய்விலும் அதே விடை. ஆகவே இன்றைய அறிவு இவ்வளவு சொல்கிறது: வெப்பத் தாக்குதலும் தூக்கமின்மையும் வாட்டும்போது, உரிய வயதில், மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ வந்திராத பெண்ணுக்கு ஹார்மோன் நல்ல மருந்து. ஞாபகசக்தி டானிக்காக அதை விழுங்குவதற்குச் சான்று இல்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் மீதிருந்த பழைய கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கும் பணியைத் தொடங்கியதும் வயது, கால வேறுபாடுகளைக் கருதித்தான்.

கத்தி வைக்கும் முன்

காலத்தைப் பற்றிய இந்தப் பாடம் மிகக் கூர்மையாகப் பொருந்துவது, இயல்பாக நிற்கும் முன்பே சினைப்பைகளை இழக்கும் பெண்களுக்கு. மாண்ட்ரியாலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பார்பரா ஷெர்வின், கருப்பையோடு சினைப்பைகளும் அகற்றப்பட்ட பெண்களை அறுவைக்கு முன்னும் பின்னும் சோதித்தார். 1992-இல் வெளியான அவரது சிறிய ஆய்வில், போலி மருந்து பெற்றவர்களுக்குச் சொற்களை இணைத்து நினைவுகூரும் திறன் அறுவைக்குப் பின் குறைந்தது. ஈஸ்ட்ரோஜன் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. மேயோ கிளினிக்கின் வால்டர் ரோக்கா, மின்னசோட்டா மாநிலத்தின் ஒரே மாவட்டத்தில் பல பத்தாண்டு மருத்துவப் பதிவுகளைத் துருவி 2007-இல் எழுதினார்: மாதவிடாய் இயல்பாக நிற்கும் முன் சினைப்பை அகற்றப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் அறிவுத்திறன் குறைபாடோ மறதிநோயோ வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. அறுவை எவ்வளவு இளவயதில் நடந்ததோ அவ்வளவுக்கு ஆபத்து அதிகம்.

இந்த எண்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து படிக்கும்போது மனம் பதறுகிறது. மேலைநாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்கும் மாதவிடாய், இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் கருப்பையை இழந்தவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இந்த விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், வேலை நாள் கெடாமலிருக்கக் கருப்பையையே அகற்றிக்கொண்ட அவலம் 2019-இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேவையற்ற இத்தகைய அறுவைகளைத் தடுக்கும் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது.

கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும். சினைப்பைகள் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் வரத்து பெரும்பாலும் தொடரும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் மூளையின் மீது விழுகிறது. "கர்ப்பப்பைய எடுத்தாச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நம் வழக்கத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. தன் உடலிலிருந்து எதை எடுத்தார்கள் என்பதே தெரியாத பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

புற்றுநோய் இருந்தாலோ, பரம்பரையாக வரும் ஆபத்து உறுதியானாலோ சினைப்பைகளை அகற்றுவது உயிர்காக்கும் முடிவு. அதில் தயக்கம் கூடாது. மற்ற வேளைகளில் பெண்ணும் அவரது குடும்பமும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. மருந்தால் சரிசெய்ய வழியில்லையா? கருப்பையை எடுத்தே ஆக வேண்டுமென்றால் சினைப்பைகளை விட்டுவைக்க முடியுமா? அவற்றையும் எடுத்தால், இயல்பாக நிற்கும் வயது வரை ஈஸ்ட்ரோஜன் தருவீர்களா? எதை எடுத்தீர்கள் என்பதை மருத்துவச் சீட்டில் எழுதித் தருவீர்களா? மறதியும் தூக்கமின்மையும் சொல்லி வரும் நடுவயதுப் பெண்ணிடம் மருத்துவரும் மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்; தைராய்டும் பி12 அளவும் பார்க்க வேண்டும்; அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இயங்கக் கற்கும் ஆற்றல் மூளைக்கு உண்டு என்பதை இந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்தக் கற்றலுக்கு வேண்டிய காலத்தைப் பெண்ணிடமிருந்து தேவையில்லாமல் பறிக்காமலிருப்பது மருத்துவத்தின் கடமை. அந்த ஆண்டுகளில் அவர் பேச்சை நம்புவது வீட்டின் கடமை.